வண்டல் யாருக்குச் சொந்தம்?

ஜூன் 8

ஊர்த் தடுப்பணையை வைத்திருப்பதா, இடிப்பதா என்று பேசக் கூடிய கூட்டம் சண்டையில்தான் முடிந்தது. "இருக்கணும்" என்பவர்கள் அணையின் பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "இடிக்கணும்" என்பவர்கள் கையில் மீன் படம். பேச்சு முழுக்கச் சுவரைப் பற்றி. அதற்குப் பின்னால் தலைமுறைக் கணக்கில் படிந்து கிடக்கும் வண்டலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஜூன் 9

நேற்று அதிகம் கைதட்டல் வாங்கிய பேச்சு: "அணை போனா வெள்ளம் உள்ள வந்துடும்."

இது ஷட்டரை இறக்கி வெள்ளத்தைப் பிடித்து வைக்கும் அணையல்ல. தண்ணீர் மேலே வழிந்தோடும் தடுப்பணை. உள்ளே பாதிக்குமேல் மண். காலி இடம் இருந்தால்தானே வெள்ளத்தைத் தேக்க முடியும்? வருகிற தண்ணீர் வந்த வேகத்தில் வழிந்து போகும். மேற்புறக் கரையில் மட்டம் கூடுதலாக ஏறவும் செய்யும். எதிர்த்தரப்பு மட்டும் லேசுப்பட்டதா? இடித்த மறுநாளே ஆறு பழையபடி ஓடுமாம்.

ஜூன் 13

எல்வா ஆற்றைப் பற்றி நாள் முழுக்க வாசித்தேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1913இலும் 1927இலும் மின்சாரத்துக்காகக் கட்டிமுடித்த இரண்டு அணைகள். மீன் ஏறிப்போக வழி வைக்கவில்லை. கடலிலிருந்து வரும் சால்மன் மீன் சுமார் 8 கிலோமீட்டரிலேயே முட்டிக்கொண்டு நின்றது, ஏறக்குறைய நூறாண்டுகள்.

2011இல் இடிக்கத் தொடங்கி 2014இல்தான் முடித்தார்கள். வெடி வைத்தால் ஒரு நாள் வேலை என்று இங்கே ஒருவர் சொன்னாரே! அங்கே சுவர்களுக்குப் பின்னால் சுமார் 2 கோடி கனமீட்டர் வண்டல். கொஞ்சம் இடிப்பது, நிறுத்துவது, ஆறு கரைத்துக்கொண்டு போகும்வரை காத்திருப்பது, மீன் ஏறும் காலத்தில் கை வைக்காமல் இருப்பது; இப்படியே நகர்த்தியிருக்கிறார்கள். கலங்கல் தண்ணீர் வரும் என்று தெரிந்து, கீழே இருப்பவர்களுக்கான நீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடுகளை இடிப்பதற்கு முன்பே செய்து வைத்தார்கள். அடித்து வந்த மண்ணால் முகத்துவாரத்தில் கடற்கரை மறுபடி வளர்ந்தது.

லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர் தங்கள் இனம் தோன்றிய இடமாகப் போற்றும் பாறை, நீர்த்தேக்கம் வற்றியதும் வெளியே தெரிந்தது. "பாரம்பரியச் சின்னம்" என்று அணையைக் காட்டிப் பேசியவருக்கு இதைப் படிக்கக் கொடுக்க வேண்டும். அணை மூழ்கடித்ததற்கும் பாரம்பரியம் உண்டு.

ஜூன் 14

இன்று கெட்ட செய்தி. அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் இருந்த ஃபோர்ட் எட்வர்ட் அணையை 1973இல் எடுத்தார்கள். மேலே இருந்த தொழிற்சாலைகளின் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் அதன் பின்னால் இருந்த வண்டலில் கலந்திருந்தது. சுவர் போனதும் அதில் பெருமளவு கீழே இறங்கியது. மேல் ஹட்சனில் நச்சு வண்டலை அள்ளும் பெரிய வேலை 2009இல்தான் தொடங்கி 2015வரை நடந்தது.

நம் அணைக்கு மேலேயும் ஒரு காலத்தில் பட்டறைகள் இருந்தன. மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கை தூக்கி ஓட்டுப் போடச் சொல்கிறார்கள்.

ஜூன் 19

மேற்கரைப் பெரியவர் வழியில் நிறுத்தினார். "அணைய எடுத்துக்கோங்க தம்பி. என் கிணத்துல தண்ணி இறங்கினா யாரு பதில் சொல்லுவா?"

இருக்கணும் தரப்பின் மிகச் சிறந்த வாதம் இதுதான். அவர்களே இதைச் சொல்லவில்லை. தேங்கி நிற்கும் தண்ணீர் பக்கத்து நிலத்தடி நீரைத் தாங்கிப் பிடிக்கிறது. தேக்கம் போனால் கிணற்று மட்டமும் இறங்கலாம். என்னிடம் பதில் இல்லை.

ஜூன் 21

அணை நிற்பதென்றாலும் வண்டல் விடாது. கல்லணையைக் காட்டி "பார், இன்னும் நிற்கிறது" என்கிறார்கள். சும்மாவா நிற்கிறது? 19ஆம் நூற்றாண்டில் மணல் மேடிட்டுக் காவிரி திணறியபோது, ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அங்கே மணலை வெளியேற்றும் மணற்போக்கிகள் அமைத்தார். அதன் பிறகும் எத்தனையோ பழுதுபார்ப்பு. "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தூர்வாரவும் விரிசல் பார்க்கவும் ஒரு பைசா ஒதுக்காவிட்டால், அணையை வெள்ளமே ஒரு நாள் எடுத்துவிடும். அப்போது வண்டல் மொத்தமும் ஒரே இரவில் இறங்கும். முறையாகப் படிப்படியாக இடிப்பதே மேல் என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன். ஆனால் மண்ணைச் சோதிக்காமல் அல்ல.

ஜூன் 22

முதலில் வண்டல் மாதிரி எடுப்போம், பிறகு வாக்கெடுப்பு என்றேன். இருக்கணும் தரப்பு இது இடிப்பதற்கான முதல் படி என்றது. இடிக்கணும் தரப்பு இழுத்தடிக்கும் வேலை என்றது. வாக்கெடுப்பே வேண்டாமென்று இரு தரப்பும் முதல்முறையாக ஒத்துப்போய்விடுமோ என்று பயந்தேன். கடைசியில் தீர்மானம் நிறைவேறியது.

உடனே அடுத்த சண்டை. மாதிரியைச் சுவரோரம் மட்டும் எடுத்தால் போதுமா, மேற்புறம் முழுக்க ஆழமாகத் துளையிட்டு எடுப்பதா? அடி அடுக்கில்தான் பட்டறைக் காலத்து மண் இருக்கும், ஆழம் வேண்டும் என்று வாதாடினேன். பெரியவர் எழுந்து, கிணற்று மட்டத்தையும் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை அளக்கச் சொன்னார். அதையும் எழுதிச் சேர்த்தோம். செலவை யார் தருவது என்பது வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு.