அடைப்புக்குறிக்குள் ஒரு ஆசை

எம்.ஃபில் ஆய்வுக்காகப் புதுச்சேரியில் ஆறு மாதம் நான் பார்த்த வேலை, பிறர் சொல்லும் கதைகளுக்கு எண் போடுவது. சிகிச்சைக்கு வருபவர் மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார் என்று அளக்க, அமெரிக்க உளவியலாளர் லெஸ்டர் லுபோர்ஸ்கி 1977-இல் வெளியிட்ட முறை. யாரோடாவது நடந்த சம்பவங்களைச் சொல்லச் சொல்வோம், ஒருவரிடம் 10 வரை. ஒவ்வொன்றிலும் மூன்று கட்டம்: இவருக்கு என்ன வேண்டியிருந்தது, எதிராளி எப்படி நடந்துகொண்டார், அதற்கு இவர் என்ன ஆனார். கட்டத்தில் எழுதுவதற்கு ஏற்ப ஓர் எண். எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் கரு.

முதல் தொல்லை, சம்பவமே வராது. "எங்க வீட்டுக்காரர் தங்கமானவர்" என்று நற்சான்றிதழ்தான் வரும். "கடைசியா எப்போ பேசினீங்க? அப்போ எங்க உக்காந்திருந்தீங்க?" என்று தோண்டினால்தான் கதை.

ஓர் அம்மா. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். மகன் பிரான்சில். "ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். மாத்திரை போட்டியான்னு கேப்பான். போட்டேன்பேன். வெச்சிடுவான். அவனுக்கும் வேலை இருக்கும்ல."

முதல் கட்டத்தில் நான் எழுதியது, மகன் நெருக்கமாக இருக்க வேண்டும். கூட மதிப்பிட்ட தோழி எழுதியது, அவனுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது. மற்ற இரண்டு கட்டங்களில் எங்களுக்குள் சண்டையே இல்லை. இதில் மட்டும் கேன்டீனில் டீ ஆறும்வரை வாதம். வழிகாட்டி கேட்டது ஒன்றுதான்: "எந்த வரியில இருக்கு, காட்டு." காட்ட முடியவில்லை. நம் ஆட்கள் 'எனக்கு இது வேணும்' என்று எங்கே வாய்திறக்கிறார்கள்? நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு நான் போன் பண்ணி நாலு நாள் ஆகியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒத்துப்போனதைக் கணக்கிட கப்பா என்ற அளவை உண்டு. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுத்தான் மதிப்பெண் தரும். எங்கள் முதல் சுற்றுக் கணக்கைப் பார்த்த வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். வாய்விட்டுச் சொன்ன ஆசையை அப்படியே எழுது, நாமாக ஊகித்ததை அடைப்புக்குறிக்குள் போடு என்பது அந்த முறையிலேயே இருக்கிறது. நான்தான் அலட்சியமாகத் தாண்டியிருந்தேன்.

சிகிச்சை முடிந்தபின் அதே அம்மாவிடம் மீண்டும் சம்பவங்கள் கேட்டோம். "இன்னும் ரெண்டு நிமிஷம் பேசேன்டான்னேன்." இருவருமே அடைப்புக்குறி இல்லாமல் எழுதினோம். "சிக்னல் சரியில்லம்மான்னு வெச்சிட்டான்" என்றார், சிரித்துக்கொண்டே. எதிராளி கட்டத்தில் பழைய எண்தான்.