கடலை, முந்திரி, இன்ஹேலர்

சிகாகோவில் குழந்தைகளின் உணவு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் ஆராயும் குழு ஒன்றில் ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றுகிறேன். ஆய்வில் சேர்ந்த குடும்பங்களோடு தொடர்பில் இருப்பது வேலையின் ஒரு பாதி. பள்ளிகள், தேவாலயங்கள், கோயில் கூடங்கள் என்று போய்ப் பெற்றோரிடம் பேசுவது மறு பாதி. 2024-ஆம் ஆண்டு இந்தத் துறையில் அடுத்தடுத்துச் செய்திகள் வந்த ஆண்டு. ஆனால் மருத்துவ இதழ்களில் நான் படித்ததற்கும் வீடுகளில் நான் கேட்டதற்கும் இடையிலான தொலைவு குறைந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

ஆண்டு தொடங்கியதே ஒரு தட்டுப்பாட்டோடுதான். சிறு குழந்தைகளுக்குப் பரவலாக எழுதிக் கொடுக்கப்பட்டுவந்த, ஆஸ்துமாவைத் தடுக்கும் ஃபுளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் ஒன்று ஜனவரி 1 முதல் அதன் பழைய வணிகப் பெயரில் விற்கப்படாது என்று ஆயிற்று. அதே மருந்து வணிகப் பெயர் இல்லாமல் கிடைத்தது. ஆனால் பல காப்பீட்டுத் திட்டங்கள் அதற்குப் பணம் தர மறுத்தன, அல்லது வேறு மருந்துக்கு மாறச் சொன்னன. மாற்றாகச் சொல்லப்பட்டவற்றுள் சில, தூளை வேகமாக உறிஞ்ச வேண்டிய வகை. மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த உறிஞ்சும் வலு கிடையாது; அதற்கு ஸ்பேசர் என்ற குழலும் முகமூடியும் பொருத்திய ஸ்பிரே வகைதான் உதவும். மருத்துவருக்கும் மருந்துக்கடைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாறி மாறித் தொலைபேசியில் பேசியே பல தாய்மார்களின் குளிர்காலம் கழிந்தது. ஜூனில் சில மருந்து நிறுவனங்கள் இன்ஹேலருக்கு நோயாளி கட்டும் தொகையை மாதம் 35 டாலருக்குள் நிறுத்தின. அது நல்ல செய்திதான்; ஆனால் சளிக்காலம் அதற்குள் முடிந்திருந்தது.

பிப்ரவரி 16 அன்று ஒமாலிசுமாப் என்ற ஊசி மருந்துக்கு, உணவு ஒவ்வாமைக்காகப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது. 2003-இலிருந்தே ஆஸ்துமாவுக்குப் பயன்பட்டுவரும் மருந்து இது. ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ எதிர்ப்புரதத்தைப் பிடித்து முடக்கிவிடுவதால், மூச்சுக்குழாய்க்கு உதவியதே உணவு ஒவ்வாமைக்கும் உதவுகிறது. ஆய்வில் இந்த மருந்தைப் பெற்ற 118 பேரில் 79 பேர், அதாவது 67 விழுக்காட்டினர், ஏறத்தாழ இரண்டரை நிலக்கடலை அளவு புரதத்தைப் பெரிய எதிர்விளைவு இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் அது 7 விழுக்காடு. முந்திரியில் பலன் குறைவு, 41 விழுக்காடுதான். இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், விலையும் மிக அதிகம்.

இதைச் சொன்னவுடன் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “அப்படியானால் இனிமேல் கடலை மிட்டாய் கொடுக்கலாமா?” என்பதுதான். கொடுக்கக் கூடாது. தெரியாமல் வாயில் பட்ட சிறு அளவு உயிருக்கு ஆபத்தாக மாறாமல் தடுப்பதற்கான மருந்து இது. ஒவ்வாமையை இது குணப்படுத்துவதில்லை. ஊசி போட்டும் பலன் கிடைக்காத குழந்தைகள் அந்த ஆய்விலேயே இருந்தார்கள். ஆகவே அவசர மருந்தான அட்ரினலினை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டியதுதான்.

அட்ரினலின் பற்றித்தான் இந்த ஆண்டு நான் அதிகம் பேசினேன். உணவு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு ஆபத்து இரட்டிப்பு. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம்தான் உணவு எதிர்விளைவு மிக மோசமாகப் போகும் வாய்ப்பு கூடுதல். அதே குழந்தையின் வீட்டில்தான் குழப்பமும் நேர்கிறது. முந்திரி கலந்த இனிப்பைத் தின்ற பிள்ளைக்கு இழுப்பு வந்தால், பழக்கத்தில் கை, இழுப்பை உடனே தணிக்கும் நீல இன்ஹேலரைத்தான் தேடும். இன்ஹேலர் மூச்சுக்குழாயைச் சற்றுத் திறக்கும். விழும் இரத்த அழுத்தத்தை நிமிர்த்தாது, தொண்டை வீக்கத்தையும் வடிக்காது. உணவுக்குப் பிறகு தடிப்போ வாந்தியோ இழுப்போடு சேர்ந்து வந்தால் அட்ரினலின் முதலில், இன்ஹேலர் அதற்குப் பிறகு. தொடையில் ஊசி போட வேண்டுமே என்ற தயக்கத்தில் கரையும் நிமிடங்களே உயிரைப் பறிப்பவை. ஆகஸ்ட் 9 அன்று மூக்கில் தெளிக்கும் அட்ரினலினுக்கு அனுமதி கிடைத்தபோது நான் மகிழ்ந்ததற்கு அதுவே காரணம். 2024-இல் அந்த அனுமதி 30 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவர்களுக்கு மட்டுமே இருந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த எடையை எட்டியிருக்க மாட்டார்கள்.

லண்டனிலிருந்து மே மாதம் வந்த முடிவு என் மனத்துக்கு நெருக்கமானது. கடுமையான எக்சிமாவோ (தோல் அரிப்பு நோய்) முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஐந்து வயது வரை நிலக்கடலை கொடுத்தும் மறு பிரிவுக்குத் தவிர்த்தும் ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக் குழுவினர் நடத்திய லீப் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அவர்களில் 508 பேரை வளரிளம் பருவத்தில் மீண்டும் சோதித்ததில், தவிர்த்தவர்களில் 15.4 விழுக்காட்டினருக்கும் உண்டவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கும் கடலை ஒவ்வாமை இருந்தது. ஐந்து வயதுக்குப் பின் அவரவர் விருப்பப்படி உண்டபோதும் அந்தப் பாதுகாப்பு நீடித்திருக்கிறது. ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கடலையே வேண்டாம் என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு சொன்ன அறிவுரை 2008-இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. ஆனால் அதை அன்று கேட்டு நடந்த தாய்மார்கள் இன்று பாட்டிகளாகி, அதே அறிவுரையை மகள்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், விழுதாக அரைத்து இளக்கித்தான் தர வேண்டும், எக்சிமா கடுமையாக இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு கூட்டத்திலும் சேர்த்தே சொல்கிறேன்.

தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் பேச்சு நேராகச் சமையலறைக்குப் போய்விடும். எள் 2023 முதல் அமெரிக்க உணவு உறைகளில் கட்டாயம் குறிப்பிடப்பட வேண்டிய ஒன்பதாவது பொருள் ஆகிவிட்டது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் தங்கியிருக்கும் என்பது பலருக்குப் புதுச் செய்தி. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு உண்டு. கடுகு அந்த ஒன்பதில் இல்லாததால், ‘மசாலாப் பொருள்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பெயரில்லாமல் அடங்கிவிடலாம். முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. குருமாவில் அரைத்து ஊற்றிய முந்திரியோ கண்ணுக்கே தெரியாது. இன்ஹேலர் ‘பழகிவிடும்’ என்ற அச்சமும் இங்கேதான் அதிகம். தடுப்பு இன்ஹேலரின் ஸ்டீராய்டு மைக்ரோகிராமில் அளக்கப்படுவது. அதை நிறுத்திவிட்டு இழுப்பு முற்றி மருத்துவமனைக்குப் போனால் வாய்வழி தரப்படுவது மில்லிகிராமில். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால், வாதாடிக்கொண்டிருந்த தாத்தாக்களும் சற்று அமைதியாகிறார்கள்.

நகரின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள கறுப்பினக் குடியிருப்புகளில் சிக்கல் வேறு. உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளில், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஆஸ்துமாவும் இறால், நண்டு ஒவ்வாமையும் கூடுதலாக இருப்பதைச் சிகாகோவும் பங்கேற்ற ஃபார்வர்ட் ஆய்வு காட்டியிருக்கிறது. கரப்பான் பூச்சியிலும் தூசிப் பூச்சியிலும் உள்ள டிரோபோமயோசின் புரதம் இறாலில் இருப்பதைப் பெரிதும் ஒத்தது. பழைய கட்டடத்தில் கரப்பான் துகளை மூச்சில் இழுத்து வளரும் குழந்தையின் உடல், பின்னர் இறாலையும் பகையாகக் கொள்கிறதோ என்ற கருதுகோள் உண்டு. அது நிறுவப்பட்டாலும் இல்லாவிட்டாலும், கரப்பான் ஆஸ்துமாவைக் கிளறுவது உறுதி. ஒழுகும் குழாயைச் சரிசெய்யாத வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு, “வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள்” என்று ஒரு தாயிடம் சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அச்சிட்ட கையேட்டில் அந்த வரி இருந்தாலும் நான் அதைப் படிப்பதில்லை; குடியிருப்போர் சட்ட உதவிக்கு யாரை அணுகலாம் என்பதையே எழுதிக் கொடுக்கிறேன்.

வரும் ஆண்டில் பள்ளிக் கூட்டங்களை மே மாத விழிப்புணர்வு நாட்களோடு நிறுத்தாமல் ஆகஸ்டிலும் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பள்ளி திறந்து பிள்ளைகள் சளியைப் பரிமாறிக்கொள்ளும் செப்டம்பரில்தான் ஆஸ்துமாவால் அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை உச்சத்துக்குப் போகிறது. ஆஸ்துமாத் திட்டப் படிவத்தையும் ஒவ்வாமைத் திட்டப் படிவத்தையும் தனித்தனிக் கோப்பில் வைக்காமல் ஒன்றாகப் பின் செய்து வைக்கும்படி பள்ளிச் செவிலியர்களிடம் கேட்டோம்; சிலர் உடனே ஒப்புக்கொண்டார்கள், சிலர் மாவட்ட அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்கிறார்கள். ஜனவரியில் அந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.