நுரை

மார்ச் 3
அக்கா மகனின் காலை முதல் சிறுநீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். சோதனைப் பட்டையில் புரதம் 2+, அதிகம். போன முறையும் இதேதான்.

மார்ச் 4
இன்றும் அவன் சிறுநீரில் நுரை, புரதம் போவதன் அடையாளம்.

மார்ச் 7
வைரஸ் லோடு, அதாவது அவன் ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. அக்கா இருந்திருந்தால் அழுதிருப்பாள். அப்படியானால் சிறுநீரகத்தை எது கெடுக்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். வைரஸே சிறுநீரகத்தின் வடிகட்டிகளைத் தாக்குவதுண்டாம். 1984லேயே பதிவான நோய். வைரஸ் இவ்வளவு அடங்கியிருக்கும்போது அதற்கு வாய்ப்புக் குறைவு என்றார். இல்லாவிட்டால் டெனோஃபோவிர், அவன் சாப்பிடும் எச்.ஐ.வி. மாத்திரைகளில் ஒன்று. எடை 30 கிலோ தாண்டியதும் முன்பிருந்த அபகாவிர் மாத்திரைக்குப் பதிலாகக் கொடுத்தார்களே, அது சிலருக்கு சிறுநீரக நுண்குழாய்களைப் பாதிக்குமாம்.
இவனைக் காப்பாற்றுகிற மாத்திரை. அதன் மேல் எப்படிக் கோபப்படுவேன்?

மார்ச் 8
ரத்தத்தில் கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வெளியேற்றுவது) 0.9. அவனுடைய இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் சாப்பிட்டால் சிறுநீரகம் கெடாமலே அது கொஞ்சம் ஏறும். ஒல்லிப் பிள்ளைகளுக்கோ தசை குறைவு, பழுது இருந்தாலும் எண் குறைவாகவே காட்டும். பிறகு எதை நம்புவது? சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்குப் போட்டேன்: உயரம் 140 செ.மீ., அதை 0.413ஆல் பெருக்கி 0.9ஆல் வகுத்தேன். 64. தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டும். திரும்பப் போட்டேன், 64தான்.

மார்ச் 9
முழங்கால் வலி என்கிறான். விளையாடியதாலாம். இபுபுரூஃபென் சிறுநீரகத்துக்கு ஆகாது, பாராசிட்டமால் கொடுத்தேன்.

மார்ச் 12
"சித்தி, ஏன் தினமும் பாத்ரூமை எட்டிப் பாக்குற?"
வைரஸ் பற்றி அவனுக்குத் தெரியும். அக்காவைப் பற்றியும் தெரியும். இதையும் சொல்லத்தான் வேண்டும். இன்று முடியவில்லை.

மார்ச் 13
நுரை இல்லை! மறுபடியும் போய்ப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 15
சிறுநீரில் சர்க்கரை, ரத்தத்தில் சர்க்கரை சரியான அளவு. ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைவு. வெளியேறும் புரதத்தில் அல்புமின் கொஞ்சம்தான். கெட்டிருப்பது நுண்குழாய்தான், வடிகட்டி இல்லை என்றார் டாக்டர். உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதையெல்லாம் குழாய் நழுவவிடுகிறது. பாஸ்பரஸ் போனால் எலும்பு பலவீனமாகும் என்றதும் முழங்கால் வலியைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.
டெனோஃபோவிருக்குப் பதிலாக மறுபடி அபகாவிர். முன்பு ஒவ்வாமை எதுவும் வராததால் கொடுக்கலாமாம். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும், சிலருக்கு முழுதாக மீளாது. அந்தச் 'சிலர்' தூங்க விடவில்லை.

மார்ச் 16
சொல்லிவிட்டேன். பேசாமல் கேட்டான். அப்புறம், "அப்போ ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டதாலதான் இது வந்துச்சா?"
இதற்கு நான் தயாராக இல்லை. ஒழுங்காகச் சாப்பிட்டதால்தான் வைரஸ் அடங்கியிருக்கிறது, இந்த ஒன்றை மட்டும்தான் மாற்றுகிறோம், நீயாக எதையும் நிறுத்திவிடாதே என்றேன். தலையாட்டினான். நம்பினானா தெரியவில்லை. இரவு மாத்திரையை என் முன்னாலேயே விழுங்கச் சொன்னேன். முறைத்தான், ஆனாலும் விழுங்கினான்.

மார்ச் 19
நாளை பாஸ்பரஸுக்கு மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் வரவேண்டுமா என்று காலையில் கேட்க வேண்டும்.