பாலைவனப் பூங்காக்களில் ஆறு நாள்: இரண்டு வாண்டுகள், ஒரு அம்மாச்சி, ஷூ நிறைய மணல்

கார் சீட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் எழுத வராது போலிருக்கிறது.

லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுக்கும் இடம். இரவு ஒன்பது மணி. தோளில் தூங்கி வழியும் 3 வயது மகன், பசிக்கிறது என்று அழும் 6 வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, ஐந்து பெட்டி. கவுன்டரில் இருந்தவர் திரையைத் தட்டிவிட்டு, பிள்ளைகள் சீட் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 13 டாலர் என்றார். இரண்டு சீட், ஆறு நாள், 156 டாலர். முன்பதிவு செய்தபோது இந்தத் தொகை எங்கேயும் கண்ணில் படவில்லை. நாங்கள் போகும் பூங்காக்கள் இருக்கிற கலிஃபோர்னியாவில் இந்த வயதுப் பிள்ளைகள் பின் இருக்கையில் கார் சீட்டிலோ, பெல்ட் சரியாகப் பொருந்த உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டரிலோதான் உட்கார வேண்டும், அது சட்டம். அந்த நேரத்தில் வேறு எங்கே போய் வாங்குவது? கொடுத்தோம். வந்த சீட்டின் இடுக்கில் எந்தப் பிள்ளையோ தின்ற பிஸ்கட் ஊறி அப்பிக் கிடந்தது, பட்டையில் புளித்த பால் வாடை. என் கணவர் பார்க்கிங்கில் நின்றபடியே அரை மணி நேரம் ஈரத் துணியால் துடைத்தார். அமெரிக்க விமானங்களில் சொந்தக் கார் சீட்டைக் காசில்லாமல் ஏற்றிக்கொள்வார்கள். சிகாகோவில் கிளம்பும்போது, சுமை எதற்கு என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தயவுசெய்து உங்கள் சீட்டையே தூக்கிக்கொண்டு போங்கள்.

இனி பயணம். டிசம்பர் கடைசி வாரம், பள்ளி விடுமுறை. வேகஸில் இறங்கி, தெற்கே ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா, அங்கிருந்து வடக்கே ஏறி டெத் வேலி, திரும்ப வேகஸ். வட்டமாக ஒரு சுற்று. இரண்டு பூங்காவிலும் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் அதே கட்டணம்தான். மூன்றாவதாக இன்னொரு பூங்காவும் போவதாக இருந்தால், இங்கே வசிப்பவர்களுக்கு 80 டாலர் ஆண்டு பாஸ்தான் லாபம். கோடையில் இந்தப் பக்கம் பிள்ளைகளோடு போகவே போகாதீர்கள். டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 56.7 செல்சியஸ், இன்றைக்கும் உலக சாதனை. டிசம்பரில் பகலுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும், இரவில் மட்டும் குளிர் கடிக்கும்.

கணவர் எக்செல்லில் 14 இடங்களுக்குப் பட்டியல் போட்டிருந்தார். முதல் நாள் ஜோஷுவா ட்ரீயில் மதியத்துக்குள் நான்கு இடம் ஓடினோம். காரிலிருந்து இறக்கு, தொப்பி போடு, படம் எடு, திரும்ப சீட்டில் கட்டு. பெல்ட்டைக் கட்டக் கட்ட மகன் உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினான். நான்காவது இடத்தில் மகள் இறங்கவே மாட்டேன் என்றாள். ஐந்தாவதாக ஜம்போ ராக்ஸ் பக்கம் சும்மா மூச்சு வாங்க நிறுத்தினோம். அங்கே மாறியது எல்லாம்.

அது பாறைக் கூட்டம். உருண்டு திரண்ட பழுப்புப் பாறைகள், வீட்டுத் திண்ணை உயரத்திலிருந்து மாடி உயரம் வரை, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. பூமிக்கடியில் உறைந்துபோன எரிமலைக் குழம்பு, மேலிருந்த மண்ணெல்லாம் அரித்துப் போனதும் வெளியே வந்திருக்கிறது. மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் சின்னக் கால் வழுக்குவதில்லை. இரண்டு பேரும் ஏறினார்கள், இறங்கினார்கள், இடுக்கில் புகுந்தார்கள், கூழாங்கல் பொறுக்கிக் கடை வைத்து விளையாடினார்கள் (கற்களைத் திரும்ப அங்கேயே வைக்கச் சொல்லிவிட்டோம், பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது). மூன்று மணி நேரம். "வீட்டுக்குப் போலாமா" என்று ஒரு குரல் இல்லை. அன்று மாலையே பட்டியலில் பல இடங்களை அடித்தோம். பிள்ளைகளுக்குக் காட்சிமுனை எதற்கு? கையில் தொட, காலில் மிதிக்க ஏதாவது வேண்டும் அவர்களுக்கு. பாலைவனத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் தொடக் கூடாத ஒன்று உண்டு. மறுநாள் சோயா கள்ளித் தோட்டத்துக்குப் போனோம். ஆங்கிலத்தில் எழுதும்போது Cholla என்று இரண்டு எல் போட்டு வரும், உச்சரிப்பு ‘ச்சோயா’தான். காலை வெயில் பின்னாலிருந்து பட்டால் கள்ளி முழுக்கப் பஞ்சு மாதிரி மின்னும். கரடி பொம்மை போல் மெத்தென்று தெரியும். எந்தப் பிள்ளைதான் தொடாமல் இருக்கும்? அந்தப் பஞ்செல்லாம் முள். நுனியில் பின்னோக்கிய கொக்கி. லேசாக உரசினாலே ஒரு கணு முழுசாகக் கழன்று நம் மேல் ஒட்டிக்கொள்ளும். மகன் ஷூவில் ஒன்று ஒட்டியது. அதைப் பிடுங்கக் கையை வைத்தான், உள்ளங்கையில் மாட்டிக்கொண்டது. அவன் அலறல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டிருக்கும். நான் கையை நீட்டப் போனேன். "தொடாத! உன் கையிலயும் ஏறும்" என்று அம்மா என்னைத் தள்ளிவிட்டு, கைப்பையிலிருந்து சிக்கெடுக்கும் சீப்பை எடுத்தார். கள்ளிக்கும் தோலுக்கும் நடுவே பற்களை விட்டு ஒரே சுண்டு. கணு பறந்துபோய் விழுந்தது. மிச்சம் நின்ற ஏழெட்டு முள்ளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக இழுத்தோம். பிறகுதான் தெரிந்தது, இங்கே எல்லோரும் சொல்லும் வைத்தியமும் சீப்புதானாம். அகலப் பல் சீப்பு ஒன்றும் சாமணம் ஒன்றும் சட்டைப் பையில் இல்லாமல் அந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்யாமல் விட்டது அது.

ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்குள் கடை கிடையாது, சாப்பாடு கிடையாது, பெட்ரோல் கிடையாது, பெரும்பாலான இடத்தில் ஃபோன் சிக்னலும் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், அதாவது கிட்டத்தட்ட 4 லிட்டர், காரில் இருக்க வேண்டும். நாங்கள் விடுதி அறையில் குட்டி ரைஸ் குக்கர் வைத்துச் சோறு வடித்து, அம்மா காய்ச்சிக் கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறி எடுத்துப் போனோம். பாறை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் புளியோதரைக்கு நிகராக இந்தப் பயணத்தில் எந்த ஹோட்டல் சாப்பாடும் இல்லை. ஒரு நாள் மட்டும் ஹோட்டலில் சாப்பிட்டோம். ஐந்து பேருக்கு 118 டாலர், பிள்ளைகள் தட்டில் பாதி அப்படியே மிச்சம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வடக்கே போகும் வழியில் பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயர வெப்பமானி நிற்கிறது. அந்த 134 டிகிரிக்காகவே 134 அடி. மகள் எண்களை உரக்கப் படித்துக்கொண்டே கழுத்தை அண்ணாந்தாள். அங்கிருந்து இன்னும் வடக்கே, டெகோபா என்ற ஊர்ப் பக்கத்தில், ஒடுங்கிய மலை இடுக்குக்குள் திடீரென்று பச்சைப் பசேல் என்று ஒரு பேரீச்சைத் தோப்பு வரும். சைனா ராஞ்ச் என்று பெயர். அங்கே பேரீச்சம்பழ மில்க் ஷேக் குடித்தோம். கெட்டியாக, அடியில் பழத் துணுக்கு பல்லில் சிக்க, அப்படி ஒரு ருசி. ஒன்று வாங்கிப் பகிரலாம் என்று ஆரம்பித்து மூன்று வாங்கினோம். இந்தச் செலவுக்கு எனக்கு வருத்தமே இல்லை.

டெத் வேலிக்குள் அறை வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. எல்லை தாண்டி நெவாடாவில் பீட்டி என்ற ஊரில் இரண்டு இரவு தங்கினோம். அறை 105 டாலர், பூங்கா மையத்துக்கு 40 மைல். தெருவில் காட்டுக் கழுதைகள் சாவகாசமாக நடக்கின்றன, மகனுக்கு அதுவே பெரிய காட்சி. பெட்ரோலை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் கேலனுக்கு 2 டாலருக்கு மேல் அதிகம் கேட்டார்கள்.

பேட்வாட்டர் போனோம். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே, வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த இடம். எதிர் மலையில் உயரே ஒரு பலகை, "கடல் மட்டம்" என்று. "கடல் இருந்தா நாம எல்லாரும் அந்த போர்டு வரைக்கும் தண்ணிக்குள்ள இருப்போமா?" என்று மகள் கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. உப்பு அறுகோணம் அறுகோணமாக விளிம்பு தூக்கி நிற்கிறது. அம்மா குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "நல்ல கல்லுப்பு. நம்ம உப்பளத்துல ஆளுங்க கட்டுற பாத்தியை இங்க வெயிலே கட்டியிருக்கு." ராமநாதபுரத்துக்காரர், உப்பைப் பார்த்தவர். சுற்றுமலைகளிலிருந்து வரும் நீர் வெளியே போக வழியில்லாமல் இங்கேயே வற்றி உப்பாக நிற்கிறது. மழை என்று பார்த்தால் ஆண்டுக்கு 2 அங்குலம்தான், கடலிலிருந்து வரும் மேகத்தையெல்லாம் மேற்கே சியரா நெவாடா மலைகள் பிழிந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் மழை கொட்டி, சில மாதம் ஏரியே நின்றிருக்கிறது. கழிப்பறை மட்டும் குழி வகை, வாடை தாங்கவில்லை. மகன் உள்ளே வர மறுத்துவிட்டான். டிக்கியில் சின்னப் பிள்ளைகள் கக்கா போகும் குட்டி சேர் வைத்திருந்தது பிழைக்க வைத்தது.

ஆர்ட்டிஸ்ட் ட்ரைவ் 9 மைல் ஒருவழிப் பாதையில் பிள்ளைகள் இருவரும் தூங்கிவிட்டார்கள். மலையில் பச்சையும் ரோஜா நிறமுமாகப் பூசியது போன்ற சரிவுகள். நானும் அம்மாவும் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தோம்.

மெஸ்கீட் மணல்மேடுதான் உச்சம். இரண்டு நாளும் அங்கேயே போனோம், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு. செருப்பைக் கழற்றிவிட்டால் போதும். ஏறு, உருளு, ஏறு, உருளு. டிசம்பர் மணல் பகலிலும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. மேட்டின் ஓரத்தில் நின்ற மரத்தைப் பார்த்து அம்மா, "இது நம்ம வேலிக்கருவையில்ல! இங்க எப்படி வந்துச்சு?" என்றார். வந்தது இங்கிருந்து அங்கே. மெஸ்கீட் மரம் நம் சீமைக்கருவேலத்தின் உடன்பிறப்பு. நம் ஊருக்கு வந்த வகையின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம்தான். இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான டிம்பிஷா ஷோஷோனி மக்கள் இதன் காயை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள், இன்றும் இங்கே வாழ்கிறார்கள். அம்மா அந்த மரத்தடியைவிட்டு நகரவே இல்லை. "ஊர்ல இத வெட்டச் சொல்லி ஓயாம கத்துறோம். இங்க காத்துல பறக்குற மணலைப் பிடிச்சு வச்சுக்கிட்டு நிக்குது பாரேன்."

நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு டிசம்பரைப் போல வசதி வேறில்லை, இரவு ஏழு மணிக்கே, அவர்கள் தூங்குமுன்னே, வானம் முழுசாக இருட்டிவிடும். அமாவாசையை ஒட்டிய நாள் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்திருந்தோம். மணலில் போர்வை விரித்து ஐந்து பேரும் மல்லாந்து படுத்தோம். அம்மா விரல் நீட்டி, அந்தக் கொத்து கார்த்திகை, அதற்குக் கீழே சிவப்பாய் ரோகிணி, இன்னும் கீழே திருவாதிரை என்று சொல்லச் சொல்ல, மகள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். "அம்மாச்சி, இது எல்லாம் உங்க ஊர்லயும் தெரியுமா?" "முன்ன தெரிஞ்சுச்சு கண்ணு. இப்ப லைட்டு."

கடைசி நாள் காலை டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக் தகவல் மையத்தில் மகள் ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தை நீட்டினாள். பூங்காவைப் பற்றிப் பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்து பாட்ஜ் வாங்கும் பயிற்சிப் புத்தகம் அது. எல்லா தேசியப் பூங்காவிலும் கேளுங்கள், பெரும்பாலும் இலவசம். ரேஞ்சர், அதாவது பூங்கா ஊழியர், அவசரப்படாமல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, உப்பு எப்படி வந்தது என்று கேட்டார். "தண்ணீர் வந்தது, வெளியே போகத் தெரியவில்லை, காய்ந்துவிட்டது" என்று பதில் வந்தது. வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தாள், பாட்ஜ் குத்தினார். பின்னால் நின்றிருந்த வரிசை முழுக்கக் கை தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கணக்கு கேட்பீர்கள். விமான டிக்கெட் போக, கார் 410, சீட் 156, பெட்ரோல் 170, ஐந்து இரவு அறை 565, பூங்காக்கள் 60, சாப்பாடு 230. மொத்தம் 1,591 டாலர். அந்த 156 கையில் இருந்திருந்தால் பீட்டியில் இன்னொரு இரவு தங்கியிருப்போம். காரில் ஏறும்போது மகன் மணல்மேடு இருக்கும் பக்கமாகக் கையைக் காட்டி, "இன்னொரு தடவ" என்றான்.