ஆண்ட்ராய்டை வளர்த்துவிட்ட ஐபோன் ஒப்பந்தம்

ஆண்ட்ராய்டா ஐபோனா என்று பேச்சு வந்தால் எல்லாரும் கேமரா, ராம், பேட்டரி என்று இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் ஓர் ஆதங்கம் உண்டு. இந்த இரண்டு கட்சிகளும் இப்படிப் பிரிந்து நிற்பதற்கு, போனுக்குள் இருக்கும் சமாச்சாரங்கள் எவ்வளவு காரணமோ அதே அளவுக்கு அமெரிக்க டெலிகாம் கம்பெனிகள் போட்ட ஒப்பந்தங்களும் காரணம். குறிப்பாக ஒன்று: 2007-ல் அமெரிக்காவில் வந்த ஐபோன் ஏடி அண்ட் டி நெட்வொர்க்கில் மட்டும்தான் கிடைக்கும் என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அந்த ஒப்பந்தம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ஆண்ட்ராய்டு அவ்வளவு சீக்கிரம் தலையெடுத்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் ஊரில் போன் தனி, சிம் தனி. எந்தக் கடையிலோ போனை வாங்கி எந்த சிம்மை வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறோம். அன்றைய அமெரிக்காவில் கதையே வேறு. போனை விற்பதே டெலிகாம் கம்பெனிதான், இரண்டு வருட ஒப்பந்தத்தோடு. அதனால் போனில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக்கூடாது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். 2004-ல் வெரைசன் என்ற டெலிகாம் கம்பெனி விற்ற மோட்டோரோலா வி710 நல்ல உதாரணம். போனில் ப்ளூடூத் உண்டு, ஆனால் அதன் வழியாகப் படங்களை கம்ப்யூட்டருக்கு அனுப்ப முடியாதபடி வெரைசன் அடைத்து வைத்திருந்தது, படத்தை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அவர்கள் நெட்வொர்க் வழியாகக் காசு கொடுத்து அனுப்ப வேண்டும். வாங்கியவர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளில் இருக்கும் வசதியை விற்றவனே முடக்கி வைப்பதைப் பற்றி இப்போது படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆப்பிளும் முதலில் இந்த வழியில் போய்ப் பார்த்தது. 2005 செப்டம்பரில் மோட்டோரோலாவோடு சேர்ந்து ராக்கர் என்று, ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐட்யூன்ஸ் உள்ள ஒரு போன் வந்தது. மெமரி கார்டில் இடம் இருந்தாலும் 100 பாட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. அது எடுபடவில்லை.

அப்புறம் ஆப்பிள் தானே போன் செய்ய இறங்கி வெரைசனிடம் பேசியது. மாதக் கட்டணத்தில் பங்கு, எந்தக் கடையில் விற்பது என்பதில் அதிகாரம், ரிப்பேருக்கு வரும் போனைத் தானே கவனிப்பது என்று அது கேட்டதையெல்லாம் பார்த்து வெரைசன் வேண்டாம் என்றுவிட்டது. பிறகு ஏடி அண்ட் டி என்று பெயர் மாறிய சிங்குலர் நிறுவனம்தான் சரி என்றது. அதன் தலைவர் ஸ்டான் சிக்மன் போனைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். போனின் மேல் சிங்குலரின் லோகோ கிடையாது, உள்ளே அவர்கள் திணிக்கும் ஆப் கிடையாது, வாய்ஸ்மெயிலைப் பட்டியலாகக் காட்ட வேண்டும் என்பதற்காக அவர்கள் நெட்வொர்க்கிலேயே மாற்றம் செய்து கொடுத்தார்கள். போன் தயாரிப்பவன் சொல்வதை டெலிகாம் கம்பெனி கேட்டது என்பது அந்த ஊருக்குப் புதுசு. என்னைக் கேட்டால் தொடுதிரையைவிட இதுதான் பெரிய மாற்றம்.

2007 ஜூன் 29-ல் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது விலை 499, 599 டாலர். அதோடு இரண்டு வருட ஒப்பந்தம் வேறு. அடுத்த வருடம் கணக்கை மாற்றினார்கள். மாதக் கட்டணத்தில் பங்கு வாங்குவதை ஆப்பிள் விட்டுவிட்டது, அதற்குப் பதிலாக ஏடி அண்ட் டி போன் விலையில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொண்டது. ஐபோன் 3ஜி 199 டாலருக்கு வந்தது இப்படித்தான். ஆனால் மாதம் குறைந்தது 70 டாலர் பில், 24 மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள், 1,680 டாலர். அதே போன் 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு ஏர்டெல், வோடஃபோன் வழியாக வந்தபோது 31,000 ரூபாய். 199 டாலர் என்பது அன்றைய மாற்று விலையில் ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. அமெரிக்காவில் மலிவு, இங்கே மட்டும் கொள்ளை என்று அப்போது பேசாத ஆளில்லை. இங்கே மாதா மாதம் பில்லில் பிடித்துக்கொள்ளும் ஒப்பந்தம் இல்லை, அதனால் முழு விலையும் ஒரேயடியாகக் கண்ணில் பட்டது.

அங்கிருந்து வந்த, ஒரே கம்பெனியின் சிம் மட்டும் வேலை செய்யும்படி லாக் செய்த போன்கள் இங்கே பட்ட பாடும் நினைவிருக்கிறது. என் அத்தை மகன் ஒன்று கொண்டுவந்தான், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் சிம் மேல் மெல்லிய தகடு ஒன்றை வைத்து ட்ரேயை உள்ளே தள்ளினார், கொஞ்ச நேரத்தில் சிக்னல் வந்தது. கிளம்பும்போது அவர் சொன்னது: "தம்பி, அப்டேட் கேட்டா மட்டும் கொடுத்துடாத." கொடுத்தால் மறுபடி லாக். காசு கொடுத்து வாங்கிய போனுக்கு இப்படிப் பயந்து பயந்து அப்டேட் போடாமல் இருப்பது என்ன நியாயம்?

சரி, வெரைசனுக்கு வருவோம். ஐபோன் வேண்டும் என்பதற்காகவே வாடிக்கையாளர்கள் ஏடி அண்ட் டி பக்கம் நகர்ந்தார்கள், வெரைசனுக்குப் பதிலடி கொடுக்க ஒரு போன் தேவைப்பட்டது. முதலில் பிளாக்பெர்ரியைப் பிடித்தார்கள். 2008 நவம்பரில் ஸ்டார்ம் வந்தது. திரை முழுவதுமே ஒரு பட்டன் மாதிரி, ஒவ்வொரு எழுத்துக்கும் டக்கென்று அழுத்த வேண்டும், வைஃபை கிடையாது, மென்பொருள் அரைகுறை. அவசரம் அவசரமாகச் செய்த போன், தோற்றுப்போனது.

அடுத்து, ஆண்ட்ராய்டின் சொந்தக்காரரான கூகுள். இதில்தான் சுவாரசியமே. 2007-ல் இந்த இருவரும் எதிரெதிர்க் கட்சி. 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை ஏலத்துக்கான விதிகளில், வாங்குகிறவர் எல்லா போன்களையும் ஆப்களையும் தன் நெட்வொர்க்கில் அனுமதிக்க வேண்டும் என்று கூகுள் வற்புறுத்த, அமெரிக்க டெலிகாம் ஆணையம் அதை விதியாக்கியது, அந்த விதியை எதிர்த்து வெரைசன் வழக்கே போட்டது. அப்படிப்பட்டவர்கள் 2009 அக்டோபரில் ஒன்றாக வந்து நின்று கூட்டணி அறிவித்தார்கள். அடுத்த மாதமே, நவம்பர் 6-ல், மோட்டோரோலா ட்ராய்ட் என்ற ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்தது. அதன் விளம்பரத்தை யூடியூபில் தேடிப் பாருங்கள். ஆப்பிள் விளம்பரம் மாதிரியே வெள்ளைப் பின்னணி, துள்ளலான இசை, ஒவ்வொரு வரியாக ஐபோனில் என்னென்ன இல்லை என்ற பட்டியல்: நிஜமான கீபோர்டு இல்லை, ஒரே நேரத்தில் பல ஆப் ஓடாது, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியாது. ஒரு டெலிகாம் கம்பெனி தன் விளம்பரக் காசையும் கடைகளையும் மொத்தமாக ஆண்ட்ராய்டுக்குப் பின்னால் கொட்டியது.

அதற்கு ஒரு வருடம் முன்பே டி-மொபைலில் ஜி1 என்ற ஆண்ட்ராய்டு போன் வந்திருந்ததை மறந்துவிடக்கூடாது. அதே கூகுள், அதே ஆண்ட்ராய்டு. ஆனால் டி-மொபைல் சின்ன கம்பெனி, அலை எழும்பவில்லை. வெரைசன் வந்த பிறகு 2010 முதல் காலாண்டிலேயே அமெரிக்க ஸ்மார்ட்போன் விற்பனையில் ஆண்ட்ராய்டு 28 சதவீதம், ஐபோன் 21 சதவீதம் என்று என்பிடி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. வெரைசன் அப்போது ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று விற்றுக்கொண்டிருந்ததும் ஒரு காரணம் என்று அவர்களே சொன்னார்கள்.

டெலிகாம் தயவில்லாமல் விற்க கூகுள் முயலாமல் இல்லை. 2010 ஜனவரியில் நெக்ஸஸ் ஒன் போனை லாக் இல்லாமல் 529 டாலருக்குத் தன் இணையதளத்தில் விற்றது. 199-க்குப் பழகிய மக்கள் திரும்பிப் பார்க்கவில்லை, சில மாதங்களில் அந்தக் கடையை மூடிவிட்டார்கள்.

டெலிகாம் தயவில் வளர்ந்ததற்கு ஆண்ட்ராய்டு கொடுத்த விலையும் பெரிது. ஆப்பிள் உடைத்த பழைய சங்கிலியை டெலிகாம் கம்பெனிகள் ஆண்ட்ராய்டு காலில் மாட்டினார்கள். 2010-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் என்ற ஒரே போன் அமெரிக்காவின் நான்கு பெரிய டெலிகாம் கம்பெனிகளில் நான்கு பெயரில் திரிந்தது: ஏடி அண்ட் டியில் கேப்டிவேட், டி-மொபைலில் வைப்ரன்ட், ஸ்பிரின்ட்டில் கீபோர்டு சேர்த்து எபிக், வெரைசனில் ஃபாஸினேட். இதில் ஃபாஸினேட்டில் தேடுபொறி கூகுள் இல்லை, மைக்ரோசாஃப்டின் பிங்! கூகுளின் சிஸ்டம் ஓடும் போனில் கூகுளையே ஓரங்கட்டுகிற அளவுக்கு வெரைசனின் கை ஓங்கியிருந்தது. நான்கு வடிவம் என்றால் அப்டேட்டும் நான்கு முறை செய்து, நான்கு கம்பெனியும் சோதித்து விட வேண்டும். ஆண்ட்ராய்டு அப்டேட் தாமதமாவதற்கு கூகுளை மட்டும் திட்டுகிறவர்கள் இந்தக் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012-ல் கேலக்ஸி எஸ்3 வந்தபோதுதான் ஒரே பெயர், ஒரே உருவம் என்று எல்லாரிடமும் விற்கிற பலம் சாம்சங்குக்கு வந்தது.

2011 பிப்ரவரி 10-ல் வெரைசனுக்கும் ஐபோன் வந்தது. அதற்குள் ஆண்ட்ராய்டை யாரும் அசைக்க முடியாத நிலை. 2013-ல் டி-மொபைல் இரண்டு வருட ஒப்பந்தத்தையே எடுத்துவிட்டது, போன் விலை தனி, சேவைக் கட்டணம் தனி என்று பில்லில் பிரித்துக் காட்டியது, பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன், எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதாவது தெரிகிறது. ஆனால் தவணையில் வாங்கிய போன் அங்கே இன்றும் பெரும்பாலும் லாக்கோடுதான் வருகிறது. தவணை பாக்கி இருந்தால் அதை வசூலிக்க ஒப்பந்தம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அதற்காக வேறு சிம் போடக்கூடாது என்று தடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.