பிரேக் வேலைக்கு நானே செய்த கருவிகளும் கடையில் வாங்கியவையும்

என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில், வளையத்தின் ஒரு பக்கம் வெட்டப்பட்ட பத்தாம் எண் ரிங் ஸ்பேனர் ஒன்று கிடக்கிறது. பிரேக் பைப்பின் நட்டைக் கழற்றுவதற்காக நானே கிரைண்டரில் வெட்டிச் செய்தது அது. நட்டின் நடுவே பைப் செல்வதால் முழு வளையத்தை அதன்மேல் இறக்க முடியாது. சாதாரண ஓப்பன் ஸ்பேனரோ இரண்டு முகங்களை மட்டுமே பிடிக்கும். பைப் நுழையும் அளவுக்கு வளையத்தில் ஒரு வாய் திறந்துவிட்டால் போதும் என்று எண்ணினேன். பின்சக்கரத்தின் வீல் சிலிண்டரை (டிரம்முக்குள் பிரேக் கட்டைகளை ஆயில் அழுத்தத்தால் விரிக்கும் பாகம்) மாற்றிய அன்று, முதல் திருப்பிலேயே வளையம் விரிந்து நட்டின் மூலைகள் மழுங்கிவிட்டன. பைப்பையே வெட்டி எடுத்துப் புதியது போட வேண்டியதாயிற்று. வளையம் மூடியிருக்கும்வரைதான் அதற்கு அந்த வலிமை இருக்கிறது. கடையில் விற்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனரில், வாய் திறந்திருப்பதை ஈடுசெய்யவே சுவரைத் தடிமனாக்கியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் விளங்கியது.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சிறிய கார் என்னுடையது. அதன் பிரேக் வேலையைப் பல ஆண்டுகளாக நானே செய்து வருகிறேன். கோவையில் லேத் பட்டறைக்கும் பழைய இரும்புக்கும் பஞ்சமில்லாததால், எந்தக் கருவியைப் பார்த்தாலும் 'இதை நாமே செய்துகொள்ளலாமே' என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். அந்த ஸ்பேனருக்குப் பிறகு, எதைச் செய்யத் தொடங்கினாலும் வேலையின் நடுவே அந்தக் கருவி தோற்றால் எது கெடும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் நேரமும் பிரேக் ஆயிலும் மட்டுமே வீணாகும் என்றால் தயங்காமல் செய்துகொள்வேன். நட்டோ, ரப்பர் சீலோ, உயிரோ பணயமாகும் என்றால் கடைக்குப் போய்விடுவேன்.

செய்துகொண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஏர் எடுக்கும் பாட்டில், அதாவது பிரேக் ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற உதவுவது. மூடியுள்ள ஒரு கண்ணாடி ஜாடி, மீன்தொட்டிக்குக் காற்று செலுத்தும் ஒளிபுகும் குழாய் ஒரு மீட்டர், மூடியில் இரண்டு துளைகள் என்று மொத்தச் செலவு நூறு ரூபாயைத் தாண்டவில்லை. ஒரு துளையில் குழாய் இறுக்கமாக நுழைய வேண்டும். மற்றொன்று காற்று வெளியேறுவதற்கு. குழாயின் முனையை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து இளக்கினால் நிப்பிளின் (ஆயிலையும் காற்றையும் வெளியே விடச் சக்கரத்தருகே உள்ள சிறு திருகு முனை) மேல் இறுகப் பொருந்திக்கொள்ளும். ஜாடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் புதிய பிரேக் ஆயிலை ஊற்றி, குழாயின் மறுமுனை அதில் மூழ்கியிருக்கும்படி வைத்து, ஜாடியை நிப்பிளைவிட உயரத்தில் கட்டித் தொங்கவிடுவேன். என் மகன் பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது நிப்பிளைக் கால் திருப்பு திறந்து, அவன் காலை எடுக்கும் முன்பே மூடிவிடுவேன். முதலில் தேநீர் நிறத்தில் ஆயில் வரும், இடையிடையே கடுகளவு குமிழிகள் தோன்றும், பிறகு இளமஞ்சளாகத் தெளிந்து ஓடும். இவை யாவும் கண்ணெதிரே தெரிவதுதான் இந்தக் கருவியின் பெரிய நன்மை.

இதற்கு முன்பு கையால் உறிஞ்சும் வேக்குவம் பம்ப் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தேன். நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரையைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாக வெளிக்காற்றையும் அந்தப் பம்ப் இழுத்துக்கொள்ளும். அதனால் லைனில் காற்று முற்றிலும் போன பிறகும் குழாயில் குமிழி வந்துகொண்டே இருக்கும். எப்போது நிறுத்துவது என்பதே தெரியாது. இந்த ஒரு வேலையில் வீட்டுக் கருவியே மேலானது என்று உறுதியாகச் சொல்வேன்.

பெடலை மிதிப்பவருக்காக ஒரு மரக்கட்டையும் வைத்திருக்கிறேன். பெடலுக்கு அடியில் அதை வைத்தால் பெடல் தரைவரை இறங்காது. பழைய வண்டிகளில், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உட்பகுதியில் அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் போகாத இடத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும். பெடலை முழுவதும் மிதித்தால் சீல்கள் அந்தச் சொரசொரப்பின் மேல் ஓடிக் கிழியக்கூடும்.

புதிய பேடு (டிஸ்க்கை அழுத்தும் பிரேக் கட்டை) போடும்போது, பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளச் சாதாரண சி-கிளாம்ப் போதும். பிஸ்டன் முகத்தில் பழைய பேடை வைத்து, ஆயில் டேங்கின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இறுக்க வேண்டும். கழற்றிய காலிப்பர் ஹோஸில் தொங்காமலிருக்க, தேய்ந்த சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக் கொக்கியாக்கியிருக்கிறேன். ஆனால் பின்னாலும் டிஸ்க் உள்ள பல கார்களில் ஹேண்ட்பிரேக் அமைப்பு காலிப்பருக்குள்ளேயே இருக்கும். அந்தப் பிஸ்டனை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். சி-கிளாம்ப் போட்டு இறுக்கினால் உள்ளே உள்ள மரை கெட்டுவிடும். நண்பர் ஒருவரின் வண்டிக்காகப் பட்டைக் கம்பியில் இரண்டு முளைகளைப் பற்றவைத்து ஒரு திருப்பி செய்து பார்த்தோம். அது நழுவிப் பிஸ்டனைச் சுற்றியிருந்த தூசி உறையைக் கிழித்தது. அதற்கென விற்கும் செட்டை வாங்குவதே சரி.

டிரம் இறுகிப்போனால் சுத்தியலை எடுப்பதற்கு முன் அதன் முகத்தைப் பாருங்கள். பல ஜப்பானிய வகை வண்டிகளில் அங்கே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். எட்டு மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே வந்துவிடும். தனியாகப் புல்லர் தேவையில்லை.

தூக்கிய காரைத் தாங்கும் ஜாக்கி ஸ்டாண்டு, நட்டுகளைக் குறித்த அளவு விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஆகிய இரண்டையும் கட்டாயம் வாங்கியே ஆக வேண்டும். ஹாலோ பிளாக்கின் மேல் காரை நிறுத்திவிட்டுப் பலர் அடியில் கைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. அந்தக் கல் வளையாது, முன்னறிவிப்பும் தராது, ஒரே நொடியில் உடைந்துவிடும்.

திரவங்களிலும் சிக்கனம் கூடாது. மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ பாகங்களைக் கழுவும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பிரேக் சீல்களின் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிப் போகும். பிரேக் கிளீனர் ஒரு டப்பா வாங்க முடியாவிட்டால், சோப்புத் தண்ணீரில் டிரம்மைக் கழுவிக் காயவைப்பது எவ்வளவோ மேல். பாதி மீந்த பழைய ஆயில் டப்பாவையும் பயன்படுத்தாதீர்கள்; அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். டாட் 4 என்ற தரவகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய நிலையில் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு 155 டிகிரிதான். மலையடிவாரக் கல்லாறிலிருந்து குன்னூர் ஏறிவிட்டு, பிரேக் சூடேற இறங்கும் வண்டிக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல; ஆயில் கொதித்துக் குமிழி உண்டானால் பிரேக் பிடிக்காது.

வேலை முடிந்ததும் இஞ்சினை இயக்குவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதித்து, அது கல்லைப் போல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் சக்கரங்களுக்கு அடியிலுள்ள கட்டைகளை எடுக்கிறேன்.