கதவோர மஞ்சள் ஸ்டிக்கர்: மே மாதக் குறிப்புகள்

மே 3, 2025, சனி

அமெரிக்காவின் பிக்கப் (பின்னால் திறந்த தொட்டியுள்ள) வண்டிகளில் ஹாஃப்-டன் என்பது இன்று வெறும் பெயர். ஒரு காலத்தில் அரை டன், அதாவது 1,000 பவுண்டு, சுமக்கும் வண்டி என்று அர்த்தம். எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 எல்லாம் இப்போது அதைவிடக் கூடுதலாகச் சுமக்கும். எவ்வளவு என்பதை விளம்பரத்தில் தேடிப் பயனில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் அழுத்தம் எழுதிய மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அது கண்ணெதிரே நிற்கும் அந்த ஒரு வண்டிக்கான எண். பக்கத்திலேயே நிற்கும் அதே மாடலில் கண்ணாடிக் கூரை, மின்சாரப் படி, பெரிய சக்கரம் என்று ஏற்றியிருந்தால் எண் இறங்கிவிடும். விலை கூடக் கூடச் சுமக்கும் சக்தி குறைவது இந்த வண்டிகளின் விசித்திரம்.

முழு டேங்க் எரிபொருள் அந்த எண்ணில் ஏற்கெனவே கழிந்தாயிற்று. ஓட்டுநரின் எடை கழியவில்லை. 150 பவுண்டு ஓட்டுநர் கணக்கில் சேர்ந்துவிட்டார் என்று பலர் நம்புவதற்குக் காரணம், ட்ரெய்லர் இழுவைத் திறனை அளக்கும் ஜே2807 என்ற தரச் சோதனை. தலா 150 பவுண்டில் இரண்டு பேரைக் கணக்கில் எடுப்பது அந்தச் சோதனை; இந்த ஸ்டிக்கர் அல்ல.

மே 5, திங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு: தங்கும் வசதியுள்ள பயண ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு குடும்பம் முகாமுக்குப் போகிறது. ஸ்டிக்கரில் 1,450. அப்பா 200, அம்மா 150, பிள்ளைகள் 90, 60, மீதி 950. குழந்தை சீட் 20, நாய் 60. எடையைப் பகிரும் ஹிட்ச், அதாவது ட்ரெய்லரை வண்டியோடு இணைத்து, பின் அச்சில் விழும் பாரத்தைக் கம்பிகளால் மற்ற அச்சுகளுக்கும் பகிரும் இணைப்பு, 95. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பின்தொட்டி மூடி 60. ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, சில்லறைச் சாமான் 115. கையில் நிற்பது 600.

ட்ரெய்லரின் மூக்கு, அதாவது அதன் முன்முனை வண்டியின் மேல் இறக்கும் எடை, இந்த 600-க்குள் அடங்க வேண்டும். பயண ட்ரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இறங்கும். 13 என்று வைத்தால் சுமார் 4,600 பவுண்டு ட்ரெய்லர். விளம்பரத்தில் இழுவைத் திறன் 11,000! இஞ்சின் இழுத்துவிடும், ஸ்டிக்கர் அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

மே 10, சனி

பின் அச்சின் மேல் பொருத்தும் காற்றுப் பை (ஏர் பேக்), கூடுதல் ஸ்பிரிங், கனரகச் சுமைக்கான எல்.டி. டயர்: வண்டியின் பின்பக்கம் தொங்குவதைக் குறைக்கும், ஆட்டத்தைக் குறைக்கும். அனுமதித்த மொத்த எடை ஒரு பவுண்டுகூட ஏறாது. கனமான டயர் போட்டால் உள்ளதும் கொஞ்சம் போகும்.

மே 17, சனி

மேலே சொன்ன கணக்குக்கே எடைமேடைச் சீட்டு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். வண்டியின் மொத்த எடை வரம்பு 7,100, பின் அச்சு வரம்பு 4,100. ட்ரெய்லரின் வெற்று எடை 4,700, காகிதத்தில் மூக்கு 520. ஆனால் நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஒன்று 37 பவுண்டு. இரண்டும் மூக்கின் மேலேயே நிற்கும், பேட்டரியும் அங்கேதான். பாத்திரம், படுக்கை, உணவு எல்லாம் ஏறினால் 5,700 ஆகிறது.

நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். மூன்று முறை ஏற வேண்டும், குடும்பம் உள்ளேயே உட்கார்ந்திருக்க.

ஹிட்ச் கம்பிகளை மாட்டி: 3,220, 3,900, 5,080.
கம்பிகளைக் கழற்றி: 3,060, 4,180, 4,960.
வண்டி மட்டும்: 3,380, 3,120.

இரண்டாவதில் வண்டியின் பங்கு 7,240, மூன்றாவதில் 6,500. வித்தியாசம் 740, அதுதான் மூக்கின் நிஜ எடை. கம்பி இல்லாதபோது முன் அச்சு 320 பவுண்டு இழக்கிறது. ஸ்டியரிங் லேசாகிப் போவது இதனால்தான். பின் அச்சு வரம்பையும் 80 தாண்டுகிறது, ஆகவே இந்த எடையை மேடையில் மட்டும் எடுத்துவிட்டுக் கம்பியை மாட்டிக்கொண்டுதான் சாலையில் இறங்க வேண்டும். கம்பி மாட்டினால் முன்பக்கம் இழந்ததில் பாதி திரும்புகிறது, 120 பவுண்டு ட்ரெய்லர் அச்சுக்குப் போகிறது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டைப் பார்க்க வேண்டும். அப்படியும் வண்டி 7,120. இன்னும் 20 அதிகம்.

மே 18, ஞாயிறு

மூக்கைக் குறைக்க ட்ரெய்லரின் வால்பக்கம் சாமானைத் தள்ளுவது ஆபத்தான வைத்தியம். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்: 40 கேலன் 334 பவுண்டு. அச்சுக்கு முன்னால் இருந்தால் மூக்கு கனக்கும், பின்னால் இருந்தால் லேசாகும்.

சரியான வழி, பின்தொட்டியில் இருக்கும் 115 பவுண்டை ட்ரெய்லர் அச்சுக்கு நேர் மேலே மாற்றுவது. மூக்கு அசையாது, வண்டி இறங்கும். மறு சீட்டில் 3,220-ம் 3,780-ம், மொத்தம் 7,000. கையிருப்பு 100 பவுண்டு. விறகை முகாமுக்குப் போய் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.